ஏரித் தண்ணீர் பச்சையாகிவிட்டதா? பாசியைக் கொல்லாமல் வெளியே எடுக்க ஒரு முழு வழிகாட்டி

கோடையில் ஏரி மட்டம் இறங்கி, மதகுப் பக்கம் தண்ணீர் பச்சை பெயிண்ட் கொட்டினது போல ஆனதும் பெரும்பாலான குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் நடப்பது ஒன்றுதான்: தண்ணீர் உள்ளே வரும் இடத்திலேயே குளோரினை ஏற்றிவிடுவார்கள். பாசி செத்துவிடும், பச்சை நிறம் வெளுத்துவிடும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் இதைவிட மோசமான வேலை கிடையாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் படிப்படியாக என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.

இந்த வழிகாட்டி நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் நிலையங்களுக்கானது, அதாவது படிகாரம், கிளாரிஃபையர் (திரண்ட அழுக்கை உட்கார வைக்கும் தொட்டி), மணல் ஃபில்டர், குளோரின் என்ற வரிசையில் ஓடுபவை. கணக்குச் சொல்ல வசதியாக ஒரு நாளைக்கு 20 எம்.எல்.டி., அதாவது 2 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது பெரிதோ சிறிதோ, அந்த விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கொன்றால் என்ன ஆகும்

நல்ல உயிரோட்டத்தோடு இருக்கும் நீலப்பச்சைப் பாசியின் நச்சு, குறிப்பாக மைக்ரோசிஸ்டின், பெரும்பகுதி செல்லுக்குள்ளேயேதான் இருக்கும். மண் வாசனை தரும் ஜியோஸ்மினும் அப்படியே. செல் முழுசாக இருக்கும்வரை அது ஒரு துகள், படிகாரம் போட்டுத் திரளாக்கி உட்கார வைக்கலாம், மணலில் பிடிக்கலாம். செல் உடைந்துவிட்டால் உள்ளே இருந்தது தண்ணீரில் கரைந்துவிடும். கரைந்த நச்சைப் படிகாரமும் பிடிக்காது, மணலும் பிடிக்காது. துகளாக இருந்த சுலபமான பிரச்சினையை, கரைசலாக இருக்கும் கஷ்டமான பிரச்சினையாக நாமே மாற்றிவிடுகிறோம்.

1979-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பாம் தீவில் நடந்தது இதுதான். அங்கே சாலமன் அணையில் பாசி மண்டியது என்று அதைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டார்கள். சில நாளில் அந்தத் தண்ணீரைக் குடித்த கிட்டத்தட்ட 150 பேர், பெரும்பாலும் குழந்தைகள், கல்லீரல், சிறுநீரகப் பாதிப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் டயாலிசிஸ் மையத்துக்கு வந்த தண்ணீரில் மைக்ரோசிஸ்டின் கலந்து 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். டயாலிசிஸில் தண்ணீர் நேராக ரத்தத்தோடு தொடர்பில் வருகிறது என்பதால் அங்கே சிறு அளவுகூட ஆபத்து. உங்கள் விநியோகப் பகுதியில் டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரி இருந்தால், பாசி பூத்த தகவல் அவர்களுக்கு முதல் போனிலேயே போக வேண்டும்.

இதோடு, செத்த பாசியிலிருந்து வரும் கரிமப் பொருளும் குளோரினும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும். அது வேறு தலைவலி.

ஆகவே கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் பின்னால் இருக்கும் விதி ஒன்றே: செல்லை முழுசாக வெளியே எடு, உடைக்காதே. எங்கேயாவது சந்தேகம் வந்தால் இந்த விதியை வைத்து முடிவு செய்யலாம்.

படி 1: வந்திருப்பது யார்?

பாசி என்று ஒரே பெயரில் சொன்னாலும் சுத்திகரிப்பவருக்கு அது மூன்று விதமான விருந்தாளி. டயட்டம்கள் நச்சு தராது, ஆனால் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு இருப்பதால் ஃபில்டரை அடைத்துவிடும். சினெட்ரா, மெலோசிரா, ஃப்ராஜிலேரியா என்றெல்லாம் பெயர். பச்சைப் பாசிகள் பெரும்பாலும் தொந்தரவு குறைந்தவை, நூல் போல வளரும் வகை மட்டும் சல்லடையில் சுற்றிக்கொள்ளும். மூன்றாவதுதான் நீலப்பச்சை: மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா, ஆசிலட்டோரியா, அப்புறம் முன்பு சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்று அழைக்கப்பட்ட ரஃபிடியாப்சிஸ். உண்மையில் இவை பாக்டீரியாக்கள். நச்சும் நாற்றமும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

மைக்ராஸ்கோப் இல்லாவிட்டாலும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி ஏரித் தண்ணீரை எடுத்து மூடி, ஆட்டாமல் ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பச்சை மேலே மோதிரம் போல மிதந்தால் நீலப்பச்சையாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அவற்றின் செல்லுக்குள் காற்றுப்பைகள் இருக்கின்றன. அடியில் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் மற்ற இரண்டில் ஒன்று. இது தீர்ப்பு இல்லை, முதல் துப்பு மட்டுமே. இந்தச் சோதனைக்கும் மாதிரி எடுப்பதற்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பச்சைப் படலம் தோலில் பட்டால் அரிப்பு வரும்.

மைக்ராஸ்கோப் இருந்தால் மாதிரியில் சில துளி லுகால் அயோடின் விட்டுப் பதப்படுத்தி, 1 மி.லி. பிடிக்கும் செட்ஜ்விக் ராஃப்டர் தட்டில் எண்ணலாம். மைக்ரோசிஸ்டிஸ் கொத்துக் கொத்தாக இருப்பதால் எண்ணுவது எரிச்சலான வேலை. குளோரோஃபில் அளக்கும் வசதி இருந்தால் அதுவே நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு, நீலப்பச்சைப் பாசி ஆதிக்கம் செலுத்தும் தண்ணீரில் குளோரோஃபில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால் முதல் எச்சரிக்கை, 12 என்றால் இரண்டாம் எச்சரிக்கை என்கிறது. மைக்ரோசிஸ்டினுக்கு அவர்கள் சொல்லும் அளவு, வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குறுகிய காலத்துக்கு 12 மைக்ரோகிராம்.

மாதிரி எங்கே எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கரையோரம் ஒதுங்கிய படலத்தைப் பாட்டிலில் பிடித்து வந்து பதறுபவர்களும் உண்டு, நடு ஏரியில் தெளிவாக இருக்கிறது என்று அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. உங்கள் பம்ப் எந்த மட்டத்திலிருந்து உறிஞ்சுகிறதோ அந்த மட்டத்துத் தண்ணீர்தான் கணக்கு. பி.எச்.சை மட்டும் காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் இரண்டு தடவை பாருங்கள். வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் காலையில் 8-க்குக் கீழே இருந்தது மதியம் 9-ஐத் தாண்டிவிடலாம். இந்த வித்தியாசம் படி 4-இல் பெரிய வேலை வைக்கும்.

நச்சு சோதனைக்கு எலைசா கிட் (நச்சின் அளவைக் காட்டும் சோதனைப் பெட்டி) அல்லது சோதனைப் பட்டை கிடைத்தால் ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வடிகட்டியும் மற்றொன்றைச் செல்களை உடைத்தும் சோதியுங்கள். வடிகட்டியது காட்டுவது கரைந்த நச்சு, உடைத்தது காட்டுவது மொத்தம். மொத்தம் அதிகமாக இருந்து கரைந்தது குறைவு என்றால் நல்ல சேதி, செல்களை மட்டும் ஜாக்கிரதையாக எடுத்தால் போதும். கரைந்ததே அதிகம் என்றால் கரைந்ததை உறிஞ்சும் தூள் கார்பன் மூட்டைகளை நேராக ஆர்டர் செய்யுங்கள் (படி 7).

படி 2: ஏரியிலேயே தவிர்க்க முடிந்ததைத் தவிருங்கள்

நிலையத்துக்குள் வராத பாசியை எடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் கிழக்குச் சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மிதக்கும் படலம் முழுவதையும் தள்ளிக்கொண்டு வந்து, மதகும் நீர் உறிஞ்சும் கிணறும் இருக்கும் அதே கரையில் சேர்த்துவிடும். ஏரி முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம்தான் பாசி இருக்கும், உங்கள் பம்பின் வாயில் மட்டும் அத்தனையும் குவிந்திருக்கும்.

இதற்கு முதல் மருந்து மட்டத்தை மாற்றுவது. உறிஞ்சும் கோபுரத்தில் மேல், நடு, கீழ் என்று கதவுகள் இருந்தால் மேல் கதவை மூடிவிட்டு நடுவிலிருந்து எடுங்கள். அடிமட்டத்துக்குப் போய்விடாதீர்கள், அங்கே ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் இரும்பும் மாங்கனீசும் கரைந்து கிடக்கும், ஒரு தொல்லையைத் தவிர்க்கப் போய் இன்னொன்றை வாங்குவீர்கள். இரண்டாவது, உறிஞ்சும் இடத்தைச் சுற்றி மிதவைத் தடுப்பு, கீழே அரை மீட்டர் அளவுக்குத் தொங்கும் பாவாடையோடு. படலத்தைத் தள்ளி நிறுத்த இது நன்றாகவே உதவும். காற்றடித்து அலை கிளம்பினால் பாசி தண்ணீருக்குள் கலந்து அடியில் புகுந்துவிடும், அப்போது பலன் குறையும்.

மயில்துத்தம் பற்றிக் கேட்பார்கள். என் கருத்து: பாசி பூத்த பிறகு போடவே போடாதீர்கள், பாம் தீவை நினைத்துக்கொள்ளுங்கள். பூக்கும் முன்பே, எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது போடுவதற்கு ஒரு நியாயம் உண்டு, ஆனால் நம் ஏரித் தண்ணீரில் காரத்தன்மை அதிகமாக இருந்தால் செம்பு கார்பனேட்டாகி அடியில் விழுந்துவிடும், பலன் கொஞ்ச நேரம்தான். மீன் குத்தகை எடுத்தவர்களோடு சண்டை, வண்டலில் ஆண்டாண்டாகச் சேரும் செம்பு, இவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கட்டுப்படியாகாது.

காற்று திசை மாறுவதை அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்காவின் ஒஹையோவில் டொலீடோ நகரம் ஈரி ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கிறது. 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் பாசிப் படலம் அவர்களுடைய உறிஞ்சும் இடத்தின் மேலேயே வந்து நின்றது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. நவீன நிலையம்தான், ஆனாலும் தப்பவில்லை.

படி 3: முன்குளோரினை நிறுத்துங்கள்

வந்திருப்பது நீலப்பச்சை என்று தெரிந்ததும், வரும் தண்ணீரில் போடும் குளோரினை நிறுத்துங்கள். இதில்தான் ஆபரேட்டர்களிடமிருந்து எதிர்ப்பு வரும், அது நியாயமான எதிர்ப்புதான்: முன்குளோரின் இல்லாவிட்டால் கிளாரிஃபையரின் வழிந்தோடும் விளிம்புகளிலும் கால்வாய்களிலும் வழுவழுவென்று பாசி பிடிக்கும், ஆள் விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்கத்தான் வேண்டும். வேறு வழியில்லை. வெயில் விழும் கால்வாய்களின் மேல் நிழல்வலை போட்டால் பாதி வேலை குறையும்.

நிறுத்தும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். முன்குளோரினை நம்பியே கிருமிநீக்கம் செய்துகொண்டிருந்த நிலையம் என்றால், ஃபில்டருக்குப் பிறகு போடும் குளோரின் தனியாக அந்த வேலையைச் செய்யப் போதுமா, தெளிந்த நீர்த் தொட்டியில் தேவையான நேரம் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே வால்வை மூட வேண்டும். பாசி நச்சுக்குப் பயந்து காலராவுக்குக் கதவைத் திறந்துவிடக் கூடாது.

மாங்கனீசு போன்ற காரணத்தால் முன்கூட்டியே ஏதாவது ஆக்சிஜனேற்றி தேவை என்றால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் குறைந்த அளவில், லிட்டருக்கு அரை முதல் 1 மி.கி.க்குள், ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்துப் போடலாம். குளோரினைவிட இது செல்லை உடைப்பது குறைவு, ஆனால் உடைக்கவே உடைக்காது என்று நம்பிவிடாதீர்கள். அதிகமானால் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஃபில்டரைத் தாண்டிப் போய் வீட்டு வாளியில் தெரியும்.

டயட்டம் மட்டும்தான் என்றால் முன்குளோரினை இவ்வளவு கடுமையாகப் பார்க்க வேண்டாம்.

படி 4: ஜார் டெஸ்ட், தினமும்

வழிகாட்டியிலேயே முக்கியமான படி இது. ஜார் டெஸ்ட் என்றால், சில ஜார்களில் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டு எது நன்றாகத் தெளிகிறது என்று பார்ப்பது. பாசித் தண்ணீரில், கலங்கல் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துப் படிகார அளவை முடிவு செய்தால் நிச்சயம் தவறும். மழைக்காலச் செம்மண் கலங்கலில் 100 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) இருந்தாலும் சுலபமாகத் தெளியும். பாசித் தண்ணீர் 10 என்.டி.யு. மட்டுமே காட்டிக்கொண்டு அதைவிட அதிகப் படிகாரம் கேட்கும். காரணம், பாசி செல்லுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, அதோடு அது வெளியே விடும் கொழகொழப்பான கரிமப் பொருள் படிகாரத்தைத் தின்றுவிடும். எடையும் லேசு, மண்துகள் போலக் கீழே விழாது.

செய்முறை இப்படி. 10 கிராம் படிகாரத்தை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1 சதக் கரைசல். அதில் 1 மி.லி.யை 1 லிட்டர் ஜாரில் விட்டால் லிட்டருக்கு 10 மி.கி. ஆறு ஜாரிலும் அன்றைய ஏரித் தண்ணீர், 20-இல் தொடங்கிப் பத்துப் பத்தாக 70 வரை. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்குங்கள், நிமிடத்துக்கு 100 சுற்றுக்கு மேல். அப்புறம் 15 முதல் 20 நிமிடம் மெதுவாக, 25 அல்லது 30 சுற்று. பிறகு நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார விடுங்கள். மேலிருந்து சில செ.மீ. கீழே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, கலங்கல், பி.எச்., முடிந்தால் பாசி எண்ணிக்கை, மூன்றையும் பாருங்கள். கண்ணுக்கு அழகான திரள் தெரியும் ஜார் எப்போதும் ஜெயிப்பதில்லை. பெரிதாகத் திரண்டு மேலேயே மிதக்கும் ஜார்களும் இருக்கும், அவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

இப்போது பி.எச். விஷயம். படிகாரம் நன்றாக வேலை செய்வது சுமார் 6 முதல் 7.5 வரை. மதியம் 9-ஐத் தொடும் தண்ணீரில் காலையில் முடிவு செய்த அளவைப் போட்டால் திரள் சரியாகக் கட்டாது, அலுமினியமும் கரைந்து வெளியே போகும். அதனால் ஜார் டெஸ்ட்டைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று செய்யுங்கள், இரவு ஷிஃப்டுக்கும் பகல் ஷிஃப்டுக்கும் வேறு வேறு அளவை எழுதிக் கொடுங்கள். பி.எச்.சை இறக்க எளிய வழி படிகாரத்தையே கூடுதலாகப் போடுவது. லிட்டருக்கு 1 மி.கி. படிகாரம் சுமார் அரை மி.கி. காரத்தன்மையை எடுத்துக்கொள்ளும். 20 எம்.எல்.டி. நிலையத்தில் 40 மி.கி. அளவு என்றால் நாளைக்கு 800 கிலோ. 60 என்றால் 1,200 கிலோ. செலவும் கசடும் அதே அளவுக்குக் கூடும். அமிலமோ கரியமில வாயுவோ செலுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துவது மலிவாகக்கூட வரலாம். பாலி அலுமினியம் குளோரைடு, ஃபெரிக் குளோரைடு இரண்டும் கொஞ்சம் அகலமான பி.எச். வரம்பில் வேலை செய்பவை. ஜாரில் படிகாரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விற்பனைப் பிரதிநிதி சொன்னதை வைத்து மாறாதீர்கள்.

சில நிலையங்களில் பழக்க தோஷத்தில் படிகாரத்தோடு சுண்ணாம்பையும் சேர்த்தே போடுவார்கள். பாசிக் காலத்தில் ஏற்கெனவே பி.எச். ஏறிக்கிடக்கும்போது இது சும்மா எதிர்வேலை. நிறுத்திவிடுங்கள்.

வேகக் கலவை தேவைதான், ஆனால் திரள் கட்டிய பிறகு அதைப் பம்ப் வழியாகவோ உயரத்திலிருந்து விழும் அருவி வழியாகவோ அனுப்பினால் சிதறிவிடும், மறுபடி அதே மாதிரி கட்டாது. திரள் உதவிக்குப் பாலிமர் போடுகிறீர்கள் என்றால், குடிநீருக்கு அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்து, லிட்டருக்கு 0.1 மி.கி. போன்ற சிறு அளவில் தொடங்குங்கள். அதிகமானால் ஃபில்டர் மணல் பந்து பந்தாக ஒட்டிக்கொள்ளும்.

படி 5: உட்கார வைப்பதா, மிதக்க வைப்பதா

கிளாரிஃபையரில் முடிந்தவரை ஓட்டத்தைக் குறையுங்கள். இரண்டு கிளாரிஃபையர் இருந்தால் பராமரிப்புக்கு என்று ஒன்றை நிறுத்தி வைக்கும் காலம் இது இல்லை. மதிய வெயிலில் திரள் மேலே மிதந்து வந்தால் பயப்படாதீர்கள். பாசி விட்ட ஆக்சிஜன் குமிழ்கள் திரளில் ஒட்டி அதைத் தூக்குகின்றன, நீலப்பச்சையின் காற்றுப்பைகளும் சேர்ந்துகொள்ளும். மேலே மிதப்பதை வலை போட்டு எடுத்துவிடுங்கள், ஃபில்டருக்குப் போக விடாதீர்கள்.

மிதக்க விரும்பும் பொருளை மூழ்கடிக்க ஏன் போராட வேண்டும் என்ற யோசனையில் வந்ததுதான் கரைந்த காற்று மிதப்பு முறை. சுத்தமான தண்ணீரில் ஒரு பகுதியை, சுமார் 10 சதம், 4 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றேற்றி, திரள் கட்டிய தண்ணீரின் அடியில் விடுவார்கள். அழுத்தம் சட்டென்று இறங்கும்போது பால் போல நுண்குமிழ்கள் கிளம்பும், பெரும்பாலும் 100 மைக்ரானுக்கும் சிறியவை, அவை திரளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும், மேலே துடுப்பு வைத்து வழித்துவிடலாம். பாசிக்கு இது வண்டலாக்குவதைவிடத் தெளிவாக நல்ல முறை, செல்லும் உடைவதில்லை, இடமும் குறைவு. மழைக்காலச் செம்மண் கலங்கலுக்கு இது ஒத்துவராது என்பதுதான் நம் ஊரில் தயங்க வேண்டிய காரணம். வருடத்தில் நான்கைந்து மாதம் பாசியோடு மல்லுக்கட்டும் ஆழமில்லாத ஏரி என்றால், அடுத்த விரிவாக்கத் திட்டத்தில் இதைக் கேளுங்கள்.

படி 6: ஃபில்டர்

24 அல்லது 36 மணி நேரம் ஓடும் மணல் ஃபில்டர், டயட்டம் பூத்தால் சில மணி நேரத்திலேயே அடைத்துக்கொள்ளும். பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவும் எண்ணிக்கை, ஏறும், உற்பத்தி இறங்கும், மேலிருந்து போன் வரும். அப்போது ஓட்டத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்ப்பது இயல்பு, அதுதான் தவறு. வேகம் கூடினால் பாசி மணலைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். மேல் மணலுக்கு மேலே கரடுமுரடான ஆந்த்ரசைட் (கெட்டி நிலக்கரி) அடுக்கு வைத்த இரட்டை ஊடக ஃபில்டர்கள் இதைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அடைப்பு மேல் ஒரு செ.மீ.யில் மட்டும் நிற்காமல் ஆழத்தில் பரவும்.

நீலப்பச்சைக் காலத்தில் ஃபில்டரில் பிடிபட்ட செல்கள் உள்ளேயே கிடந்து செத்தால் நச்சு அங்கேயிருந்து கசியும். எனவே ஃபில்டர் அடைத்து அழுத்த இழப்பு வரும்வரை காத்திருக்காமல் தினம் ஒரு தடவையாவது கழுவிவிடுங்கள். நிறுத்தி வைத்த ஃபில்டரைக் கழுவாமல் மறுபடி ஓட்டாதீர்கள். கழுவிய பிறகு வரும் முதல் தண்ணீரைச் சாக்கடைக்கு விடும் வால்வு இருந்தால் பயன்படுத்துங்கள், கலங்கல் 1 என்.டி.யு.வுக்குக் கீழே, முடிந்தால் 0.3-க்குக் கீழே வந்த பிறகு உள்ளே திருப்புங்கள்.

படி 7: கரைந்ததற்குக் கார்பன்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் கொஞ்சம் நச்சும் நாற்றமும் கரைந்தே வரும். ஜியோஸ்மினை மனித மூக்கு லிட்டருக்கு 10 நானோகிராமிலேயே கண்டுபிடித்துவிடும், அதாவது ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் பத்துப் பங்கு. அதற்கு உடல்நலக் கேடு எதுவும் இல்லை, ஆனால் தண்ணீரில் சேற்று வாசம் அடிக்கிறது என்று புகார் குவியும். இரண்டுக்கும் தூள் கார்பன்தான் வழி.

எந்தக் கார்பன் என்பதில் நம் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே சுலபமாகக் கிடைப்பது தேங்காய்த் தொட்டிக் கார்பன். அதில் நுண்துளைகள் மிகச் சிறியவை. ஜியோஸ்மின் போன்ற குட்டி மூலக்கூறுக்குப் பொருத்தம், மைக்ரோசிஸ்டின் போன்ற பெரிய மூலக்கூறு அதற்குள் நுழைவது கஷ்டம். நச்சு பிரச்சினை என்றால் நடுத்தரத் துளைகள் அதிகமுள்ள மரக் கார்பனைக் கேட்டு வாங்குங்கள். அயோடின் எண் அதிகம் என்று காட்டி விற்பார்கள், அது சிறு துளைகளைத்தான் அளக்கிறது.

அளவு லிட்டருக்கு 20 மி.கி. என்று தொடங்கி ஜாரில் சோதித்து ஏற்றலாம். நம் 20 எம்.எல்.டி. நிலையத்துக்கு அது நாளைக்கு 400 கிலோ. தொடர்பு நேரம் முக்கால் மணி முதல் 1 மணி வரை வேண்டும். ஏரியிலிருந்து நிலையத்துக்கு நீளமான குழாய் இருந்தால் ஏரிப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், குழாயில் வரும் நேரமே தொடர்பு நேரமாகிவிடும். படிகாரத்துக்கு முன்பே போட வேண்டும், இல்லாவிட்டால் கார்பன் திரளுக்குள் சிக்கி வேலை செய்யாமல் உட்கார்ந்துவிடும். குளோரின் போடும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பாதுகாப்பு: கார்பன் மூட்டைகளை பிளீச்சிங் பவுடரோடும் பெர்மாங்கனேட்டோடும் ஒரே அறையில் அடுக்காதீர்கள், தீப்பிடிக்கும். மூடிய அறையில் ஈரக் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், ஆளை இறக்கும் முன் காற்றோட்டம் பாருங்கள். மூட்டை பிரிப்பவர் மாஸ்க் இல்லாமல் நிற்கக் கூடாது.

படி 8: இப்போது குளோரின்

செல்கள் போன பிறகு குளோரின் நண்பன். மைக்ரோசிஸ்டினைக் குளோரின் உடைக்கும், நிபந்தனை இது: பி.எச். 8-க்குக் கீழே, 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகும் தனிக்குளோரின் (எதோடும் சேராமல் மிஞ்சியிருக்கும் குளோரின்) லிட்டருக்கு 0.5 மி.கி.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பி.எச். 9-இல் அதே குளோரின் மிகவும் மந்தம். ஆகவே குழாய் அரிப்புக்காகச் சுண்ணாம்பு போட்டு பி.எச்.சை ஏற்றுவதாக இருந்தால், தொடர்புத் தொட்டியைத் தாண்டிய பிறகு ஏற்றுங்கள்.

எல்லா நச்சுக்கும் குளோரின் ஒரே மாதிரி இல்லை. அனடாக்சின் என்ற இன்னொரு பாசி நச்சுக்குக் குளோரின் பலிக்காது, பெர்மாங்கனேட் பலிக்கும். அம்மோனியா கலந்த தண்ணீரில் உண்டாகும் குளோராமினும் மைக்ரோசிஸ்டினைத் தொடாது. மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓ.டி. திரவத்தில் தனிக்குளோரினும் குளோராமினும் கலந்தே தெரியும் என்பதால், கழிவுநீர் சேரும் ஏரி என்றால் டி.பி.டி. மாத்திரையில் தனிக்குளோரினை மட்டும் பாருங்கள். ஓசோன் இருக்கும் நிலையங்கள் அதிர்ஷ்டசாலிகள், கரைந்த நச்சுக்கு அது மிக நல்லது. சாதாரணக் கிருமிநீக்க அளவு புற ஊதா விளக்கு நச்சை ஒன்றும் செய்யாது.

படி 9: கசடு, பேக்வாஷ் தண்ணீர்

கிளாரிஃபையர் அடியில் கிடக்கும் கசடில் உள்ள பாசி ஓரிரு நாளிலேயே சாகத் தொடங்கி நச்சை விடும். வழக்கமாகத் தினம் ஒரு தடவை கசடு இறக்குபவர்கள் ஷிஃப்டுக்கு ஒரு தடவையாக மாற்றுங்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்க என்று பேக்வாஷ் தண்ணீரையும் கசடின் மேல் தெளிவையும் திரும்ப நிலையத்தின் தொடக்கத்துக்கு ஏற்றும் வழக்கம் இருந்தால் பாசி அடங்கும்வரை நிறுத்திவிடுங்கள். எடுத்ததையே மறுபடி உள்ளே போடுகிறோம், அதுவும் உடைந்த நிலையில். கசடுப் படுகையில் ஆடு மாடு தண்ணீர் குடிக்காமல் வேலி அவசியம்.

பாசி வடியும் வாரம்

பச்சை நிறம் குறைய ஆரம்பித்ததும் எல்லாரும் மூச்சு விடுவார்கள், கார்பனை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். உண்மையில் இதுதான் ஆபத்தான வாரம்: ஏரியிலேயே பாசி மொத்தமாகச் சாகும்போது செல் எண்ணிக்கை இறங்கும், கரைந்த நச்சு ஏறும். மைக்ராஸ்கோப்பில் சுத்தமாகத் தெரியும் தண்ணீரில் எலைசா எண் உச்சத்தில் இருக்கலாம். கரைந்த நச்சு தொடர்ந்து சில மாதிரிகளில் இறங்கியதைப் பார்த்த பிறகே கார்பனைக் குறையுங்கள். அதற்குப் பிறகு முன்குளோரினைத் திருப்பிக் கொண்டுவருவதா என்பதை யோசியுங்கள். அது இல்லாமலே சமாளித்திருந்தால் திரும்பக் கொண்டுவர அவசியமே இருக்காது.

சுத்திகரித்த தண்ணீரில் நச்சு அளவைத் தாண்டிவிட்டது என்று உறுதியானால் மக்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், கொதிக்க வைத்தால் போகாது என்பது. நம் ஆட்கள் தண்ணீரில் எந்தக் குறை என்றாலும் காய்ச்சத்தான் செய்வார்கள். மைக்ரோசிஸ்டின் கொதிநிலையில் சிதையாது, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அடர்த்திதான் கூடும். குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க, குடிக்க, சமைக்க லாரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதை அதே அறிவிப்பிலேயே சேர்த்துக் கொடுங்கள்.